பேச்சில் சேராத வார்த்தைகள்

காலை ஆறு மணிக்கு மூன்று எழுத்து வரும். அதிலிருந்துதான் எங்கள் வீட்டில் பொழுது விடியும்.

மெட்ராஸில் இங்கிலீஷ் டீச்சராக இருக்கும் என் சித்தி மகள், சொந்தக்காரர்கள் பத்துப் பேரைப் பிடித்து வாட்ஸ்அப்பில் ஒரு குழு வைத்திருக்கிறாள். தினமும் அதில் மூன்று இங்கிலீஷ் எழுத்துகளைப் போடுவாள். அந்த மூன்றும் உள்ளே இருக்கிற இங்கிலீஷ் வார்த்தைகளை நாங்கள் கண்டுபிடித்துப் போட வேண்டும். எழுத்துகள் எந்த வரிசையிலும் வரலாம், இடையில் வேறு எழுத்துகள் எத்தனை வேண்டுமானாலும் இருக்கலாம். ஆள்பேர், ஊர்ப்பேர், கம்பெனிப்பேர் செல்லாது. சாயங்காலம் ஆறு மணிக்கு ஆட்டம் முடிந்ததும், அதிக வார்த்தை போட்டவர் பேருக்குப் பக்கத்தில் ஒரு கிரீடப் படம் வைப்பாள். பரிசு அந்தக் கிரீடம்தான். அதற்கு நாங்கள் அடித்துக்கொள்கிற அடி இருக்கிறதே, பஞ்சாயத்துத் தேர்தலில்கூட அப்படி இருக்காது.

ஆட்டத்தில் கறாரான விதி ஒன்று உண்டு. குழுவில் இங்கிலீஷ் வார்த்தையைத் தவிர வேறு எதுவும் வரக்கூடாது. காலை வணக்கம் கூடாது, சாமி படம் கூடாது, ரோஜாப்பூ கூடாது, விசாரிப்பு கூடாது. மீறினாலும், மூன்று எழுத்தும் இல்லாத வார்த்தையைப் போட்டாலும் மறுநாள் ஆட்டம் கிடையாது. எங்கள் பெரியப்பா ஒருவர் முதல் வாரத்திலேயே மூன்று தடவை முருகன் படம் போட்டு மூன்று தடவையும் வெளியே நின்றார். "இது என்னத்தா, மிலிட்டரியா?" என்று கோபித்துக்கொண்டு போனவர் திரும்பி வரவே இல்லை.

ஆனால் அந்த விதி மட்டும் இல்லையென்றால் நானும் என் அண்ணனும் அந்தக் குழுவில் ஒருநாள்கூட இருந்திருக்க மாட்டோம். எங்களுக்குள் மூன்று வருஷமாகப் பேச்சு இல்லை.

எங்கள் பக்கம் பேச்சு இல்லை என்றால் சும்மா இல்லை. அதற்கென்று ஒழுங்குமுறை இருக்கிறது. எதிரே வந்தால் குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்ய வேண்டும். ஒரே பஸ்ஸில் ஏறினால் ஒருவர் முன்பக்கம், ஒருவர் பின்பக்கம். துக்க வீட்டுக்குப் போகலாம், ஆனால் ஒருவர் எழுந்த பிறகுதான் மற்றவர் உட்கார வேண்டும். முதலில் வாயைத் திறந்தவர் தோற்றவர். அப்படியிருக்க, தினமும் ஒரே இடத்தில் ஒருவர் வார்த்தைக்குக் கீழே ஒருவர் வார்த்தை போடுவது பேச்சா, பேச்சு இல்லையா? எனக்கு இது பெரிய சந்தேகமாக இருந்தது. நூல் மில்லில் ஃபிட்டராக இருக்கும் என் கணவரிடம் கேட்டேன்.

அவர் பல் குச்சியை வாயிலிருந்து எடுத்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னார். "நீ அண்ணேன்னு கூப்புடல. அவரு தங்கச்சின்னு கூப்புடல. வெறும் இங்கிலீசு வார்த்த. அது பேச்சுல சேராது."

எனக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. அண்ணனுக்கும் யாரோ இதே தீர்ப்பைச் சொல்லியிருக்க வேண்டும். அவனும் குழுவை விட்டுப் போகவில்லை.

சண்டை எதனால் வந்தது என்று சொன்னால் வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். நாங்கள் அருப்புக்கோட்டையில் வீடு கட்டிப் பால் காய்ச்சினோம். எல்லா வீட்டுக்கும் தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு வைத்து, நேரில் போய்ப் பத்திரிகை கொடுத்தோம். அண்ணனுக்கு மட்டும் நான் போனில் பத்திரிகையைப் படம் எடுத்து அனுப்பினேன். அலட்சியம் இல்லை, உரிமை. நம்ம அண்ணன்தானே, அவனுக்கு என்ன தட்டு என்று நினைத்துவிட்டேன். ஊரெல்லாம் வந்து பால் குடித்துப் போனது. அண்ணன் வரவில்லை. பிறந்த வீட்டு ஆள் வராத வீட்டில் நான் அடுப்புப் புகையைச் சாக்காக வைத்து அழுதேன். பிறகு எனக்கும் கோபம் வந்துவிட்டது. ஒரு வெற்றிலைக்காகத் தங்கச்சி வீட்டைப் புறக்கணிக்கிறவன் என்ன அண்ணன் என்று நானே நாலு பேரிடம் சொன்னேன். அது அப்படியே போய் அவன் காதில் விழுந்தது. அதோடு முடிந்தது.

அண்ணன் லாரி டிரைவர். பந்தல்குடிக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் இருக்கிறான். கரிமூட்டை, மிளகாய், உப்பு என்று தூத்துக்குடி ரோட்டிலேயே அவன் வாழ்க்கை ஓடுகிறது. பத்தாம் வகுப்பில் இங்கிலீஷ் அவனை இரண்டு தடவை கீழே தள்ளியது. மூன்றாவது தடவை அவன் பரீட்சைக்குப் போகவே இல்லை, கிளீனராகப் போய்விட்டான். நானோ மருந்தாளுநர் படிப்பு முடித்து, பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு மருந்துக் கடையில் வேலை பார்க்கிறேன். டாக்டர்களின் கையெழுத்தையே வாசிக்கிறவள். இந்த ஆட்டத்தில் அண்ணனை ஊதித் தள்ளிவிடலாம் என்றுதான் நினைத்திருந்தேன்.

ஒருநாள் ஏ, ஆர், எல் என்று மூன்று எழுத்து வந்தது. நான் கடையைத் திறந்து அலமாரியைத் துடைப்பதற்குள் ஓரல், அலர்ஜி, குரல்வளைக்குச் சொல்கிற லேரிங்க்ஸ் என்று மூன்று வார்த்தைகளைப் போட்டுவிட்டு, சுற்றும்முற்றும் பார்த்துக்கொண்டேன். சிறிது நேரத்தில் அண்ணனிடமிருந்து ஒவ்வொன்றாக வந்தது. டிரெய்லர். கிராவல். ஓவர்லோடு. பிறகு கொஞ்சம் இடைவெளி விட்டு, தார்பாலின். நம்ம தார்ப்பாய்தான். அதில் நான் தேடின மூன்று எழுத்தும் சாவகாசமாக உட்கார்ந்திருந்தன. நான் வாயைப் பிளந்துவிட்டேன். மாத்திரை வாங்க வந்தவர், "என்னம்மா, ஸ்டாக் இல்லையா?" என்று கேட்டார்.

இன்னொரு நாள் சி, எல், யூ. நான் கேப்ஸ்யூல், அல்சர். அவன் கிளட்ச், லூப்ரிகன்ட், கடைசியில் வல்கனைஸ். சித்தி மகளே டிக்‌ஷனரியைப் பார்த்துவிட்டுத்தான் ஒப்புக்கொண்டாளாம். டயர் பஞ்சர் ஒட்டும் கடைகளில் எழுதிப் போட்டிருக்கும் வார்த்தை அது. பள்ளிக்கூடத்தில் அவனைத் தள்ளிவிட்ட பாஷையை அவன் ரோட்டோரப் போர்டுகளிலிருந்து பொறுக்கி வைத்திருந்தான். கிரீடம் பெரும்பாலும் அவனுக்கே போனது. எனக்கு எரிச்சலாக இருந்தது. பெருமையாகவும் இருந்தது. என் அண்ணன் என்று கடையில் யாரிடமாவது சொல்ல வேண்டும் போல வரும். பேச்சு இல்லாத ஆளைப் பற்றி எப்படிப் பீற்றிக்கொள்வது? விழுங்கிவிடுவேன்.

போகப்போக அவன் வார்த்தைகளை வைத்து அவன் எங்கே இருக்கிறான் என்று பார்க்கப் பழகிவிட்டேன். ஹார்பர் என்று போட்டால் தூத்துக்குடியில் லோடு இறக்கக் காத்திருக்கிறான். சித்திரை மாசத்தில் ஒருநாள், எங்கள் பக்கம் வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தபோது, ஆர், ஏ, என் என்ற எழுத்துகளுக்கு அவன் ரெயின்போ என்று போட்டான். எங்கேயோ மழையைப் பார்த்திருக்கிறான், நல்லா இருக்கட்டும் என்று நினைத்துக்கொண்டேன். காலையில் அவன் வார்த்தை வர நேரமானால் எனக்கு வேலை ஓடாது. சீட்டில் இருக்கும் மாத்திரையை இரண்டு தடவை சரிபார்ப்பேன். ஏதாவது ஒன்று, சும்மா 'கார்' என்று வந்தாலும் போதும். அம்மாவும் அப்பாவும் அடுத்தவர் காட்டில் பருத்தி எடுத்து எங்களை வளர்த்தார்கள். இருவரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். எனக்குப் பிறந்த வீடு என்று மிச்சம் இருப்பது அவன் ஒருத்தன்தான்.

இப்படியே இங்கிலீஷிலேயே காலம் ஓடியிருக்கும். என் மகளின் காது அதற்கு இடம் கொடுக்கவில்லை.

அவளுக்கு ஐந்து வயதாகிவிட்டது. இன்னும் காது குத்தவில்லை. கடைக்கு வருகிற பெண்கள் மருந்தை வாங்கிய கையோடு, "புள்ளைக்கு எப்பக் காது குத்து?" என்று கேட்காமல் போவதில்லை. குலதெய்வத்துக்கு நேர்ந்திருக்கிறது என்று சமாளிப்பேன். நேர்ந்திருப்பது உண்மைதான். ஆனால் காது குத்தத் தாய்மாமன் மடி வேண்டும். மாமன் மடியில் உட்காராமல் காது குத்தின பிள்ளை எங்கள் சாதிசனத்தில் கிடையாது. பெரியப்பா மகன்களில் யாரையாவது உட்கார வைக்கலாம் என்று என் மாமியார் வீட்டில் பேச்சு எழுந்தது. கூடப் பிறந்தவன் இருபது கிலோமீட்டரில் இருக்கும்போது இன்னொருவன் மடியா? அப்படி ஒரு நாள் நடந்துவிட்டால் பிறகு எங்களுக்குள் எந்தக் காலத்திலும் பேச்சு வராது என்று எனக்குத் தெரியும்.

கணவர் வீட்டில் தேதி குறித்துப் பத்திரிகையும் அடித்துவிட்டார்கள். முதல் பத்திரிகை சாமிக்கு, இரண்டாவது தாய்மாமனுக்கு. அதன் பிறகுதான் ஊருக்கு. சாமிக்கு வைத்தாகிவிட்டது. மற்ற பத்திரிகைகள் பீரோவில் கட்டுப் பிரிக்காமல் கிடந்தன. நாள் நெருங்கிக்கொண்டே வந்தது. ஒரு எட்டுப் போய் வருவது பெரிய காரியமா? பெரிய காரியம்தான். என் கால் பந்தல்குடி பஸ்ஸில் ஏற மறுத்தது. நான் போய் நின்று அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டால்?

அப்போதுதான் எனக்கு அந்த மகா புத்தி வந்தது.

ஒரு புதன்கிழமை சி, எல், இ என்று எழுத்து வந்தது. அண்ணன் காலையிலேயே வெஹிக்கிள் என்று போட்டிருந்தான். நான் கடையில் கூட்டம் குறைகிற வரைக்கும் யோசித்துவிட்டு, முதலில் அங்கிள் என்று போட்டேன். கொஞ்ச நேரம் கழித்து வெல்கம் என்று போட்டேன். இரண்டிலும் மூன்று எழுத்தும் இருக்கின்றன. ஆட்டமும் ஆச்சு, அழைப்பும் ஆச்சு, வாயையும் திறக்கவில்லை. எனக்கு என்னை நினைத்தே பூரிப்பு. அந்தப் பூரிப்பில் கை நிற்காமல், அக்கா தங்கச்சி மகளுக்கு இங்கிலீஷில் சொல்கிற நீஸ் என்ற வார்த்தையையும் தட்டி அனுப்பிவிட்டேன்.

சித்தி மகள் உடனே போனில் கூப்பிட்டுப் பாய்ந்தாள். மூன்றாவது வார்த்தையில் எல் இல்லை, செல்லாது, மறுநாள் எனக்கு ஆட்டம் கிடையாது.

அது போகட்டும். அண்ணனிடமிருந்து ஒரு வார்த்தையும் வரவில்லை. அன்றைக்கும் வரவில்லை, மறுநாளும் வரவில்லை, வெள்ளிக்கிழமையும் வரவில்லை. ரோட்டில் ஏதாவது ஆகிவிட்டதோ என்று பதறிப்போய்ச் சித்தி மகளுக்குப் போன் செய்தேன்.

"அண்ணே வீட்டுலதான் இருக்கு. வண்டி பட்டறையில நிக்குது. நல்லாச் சாப்புட்டுத் தூங்குதாம்" என்றாள். "நீ என்ன செஞ்ச? 'அந்தப் புள்ள திருந்தவே திருந்தாது'ன்னு மதினிகிட்டச் சொல்லுச்சாம்."

சாயங்காலம் கணவரிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் சட்டையைக் கழற்றியபடியே கேட்டுவிட்டு, கழற்றின சட்டையோடு அப்படியே நின்றார்.

"பால் காய்ச்சுக்குப் போனுல கூப்புட்ட. அதுக்கு மூணு வருசம். இப்பக் காதுகுத்துக்கு வெளையாட்டுல கூப்புடுறியாக்கும்? இதுக்கு எத்தன வருசம்?"

எனக்குச் சுருக்கென்றது. அதுவரை நான் அப்படி நினைத்துப் பார்க்கவே இல்லை. முதல் தடவை செய்த அதே தப்பை, அதைவிட மோசமாக, இங்கிலீஷில் செய்திருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை கடைத்தெருவில் வெற்றிலை, பாக்கு, பழம், தேங்காய், பூ வாங்கினோம். பத்திரிகையின் நாலு மூலையிலும் மஞ்சள் தடவினேன். மூன்று பேரும் பந்தல்குடி பஸ்ஸில் ஏறினோம். ஜன்னலோரம் உட்கார்ந்த மகள் கேட்டுக்கொண்டே வந்தாள்.

"மாமா மடியில உக்காந்தா வலிக்காதாம்மா?"

"வலிக்காது."

"மாமா மடி தருவாகளா?"

நான் வெளியே சீமைக்கருவேல மரங்களைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

அண்ணன் வாசலில் கட்டிலில் உட்கார்ந்து போன் பார்த்துக்கொண்டிருந்தான். எங்களைப் பார்த்ததும் எழுந்தான். ஆனால் வாய் திறக்கவில்லை. மதினிதான் ஈரக்கையைத் துடைத்தபடி ஓடி வந்து, "வாங்க, வாங்கண்ணே" என்று என் கணவரைக் கூப்பிட்டு, என் மகளைத் தூக்கிக்கொண்டாள். சொம்பில் தண்ணீர் வந்தது. அவன் தட்டை வாங்காமல் நாங்கள் தண்ணீர் குடிக்கக்கூடாது. நானும் கணவரும் சேர்ந்து தாம்பாளத்தைப் பிடித்துக்கொண்டு நின்றோம். டாக்டர் சீட்டைத் தடுமாறாமல் வாசிக்கிற எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது.

"அண்ணே" என்றேன். மூன்று வருஷத்துக்குப் பிறகு சொல்கிறேன். "எம்மகளுக்குக் காது குத்து. ஒம் மடி வேணும். வந்துருண்ணே."

தோற்றேன். தோற்றது அவ்வளவு சுகமாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது.

அண்ணன் தட்டை வாங்கவில்லை. என்னையே பார்த்தான்.

"அதுல எல்லு எங்கத்தா இருக்கு?" என்றான்.

எனக்குப் புரியவில்லை.

"நீ மூணாவதா ஒண்ணு போட்டேல்ல. அதுல எல்லு எங்க இருக்கு? மருந்து குடுக்குற புள்ள, எழுத்தப் பாத்துப் போட வேணாமா? மாத்திரையவும் இப்படித்தான் குடுக்குறியா?"

என் கணவர் முதலில் சிரித்தார். பிறகு மதினி. அண்ணன் சிரிக்காமல் தாம்பாளத்தை இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். "வாரேன்" என்றான். "வராம? எம்மருமக காது."

தண்ணீர் குடித்தோம். மதினி அடுப்படிக்கு என்னைக் கூட்டிப்போய், குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள். "வெத்தலைக்காகக் கோவிச்சாகன்னு நீங்க சொன்னீக. அது இல்ல. நீங்க போனுல அனுப்புனீகளே, அதுக்குக் கீழ 'ஞாயித்துக்கெழம நேர்ல வாரேன்'னு எழுதியிருந்தீக. அந்த ஞாயித்துக்கெழம லோடு வேணாம்னு சொல்லிட்டு வீட்டுல இருந்தாக. 'தங்கச்சி தட்டு எடுத்துட்டு வரும்'னு வெள்ளனக் கறி எடுத்தாந்தாக. பொழுது சாயுற வரைக்கும் வாசலப் பாத்துக்கிட்டே இருந்தாக. சாப்புடல."

அந்த வரியை நான் எழுதியதே எனக்கு மறந்துபோயிருந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை கடையில் மருந்து இருப்புப் பார்க்கிற வேலை. அடுத்த வாரம் போய்க்கொள்ளலாம் என்று நினைத்தேன், அடுத்த வாரம் வீட்டு வேலையில் போய்விட்டது. மூன்று வருஷமாக ஒரு வெற்றிலைக்காகக் கோபித்தவன் என்று அவனைப் பேசியிருக்கிறேன். வெட்கத்தில் என் முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

மதினி பரண்மேலிருந்து ஒரு பித்தளைப் பானையை இறக்கினாள். கடைக்காரர் சுற்றின தாள் பிரிக்காமல் அப்படியே இருந்தது. எங்கள் வீட்டில் பால் காய்ச்ச அண்ணன் வாங்கி வைத்த பானை. நான் அதை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலுக்கு வந்து, "தப்புத்தாண்ணே, எம்மேலதான் தப்பு" என்று சொல்லி அழுதேன். இந்தத் தடவை புகை எதுவும் இல்லை.

"சரி, சரி. பானைய நெளிச்சுப்புடாத" என்றான் அண்ணன். அவன் குரலும் சரியாக இல்லை.

காது குத்து திருச்சுழிக்குப் பக்கத்தில் குலதெய்வத்துக் கோயிலில் நடந்தது. அண்ணன் புது வேட்டியில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, மருமகளை மடியில் வைத்துக்கொண்டான். ஆசாரி ஒரு காதில் குத்தியதும் அவள் போட்ட சத்தத்தில் வேப்பமரத்துக் காக்கையெல்லாம் பறந்தன. "வலிக்காதுன்னு சொன்னீக!" என்று என்னைத்தான் பார்த்துக் கத்தினாள். அடுத்த காதுக்கு அண்ணன் அவள் முகத்தைத் தன் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டான். குத்தி முடித்தபோது அவன் கண்ணும் நனைந்திருந்தது. கேட்டால் சூடப் புகை என்றான். எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் புகைதான் சாக்கு.

கிடா வெட்டிச் சாப்பாடு முடிந்து ஆட்கள் கலைந்த பிறகும் நாங்கள் இருவரும் மரத்தடியை விட்டு எழுந்திருக்கவில்லை. மூன்று வருஷம் பாக்கி இருந்தது. தூத்துக்குடி ரோட்டைப் பற்றி, பட்டறையில் நிற்கும் வண்டியைப் பற்றி, ரெயின்போ போட்ட அன்றைக்கு அவன் எங்கே மழையில் நின்றான் என்பதைப் பற்றி. என் மகள் காதில் வேப்பங்குச்சியோடு அவன் மடியிலேயே தூங்கிவிட்டாள். வெயில் தாழ்ந்தது கூடத் தெரியவில்லை.

ஆறு மணிக்கு என் போன் சத்தம் கொடுத்தது. குழுவில் சித்தி மகள். லீவு கிடைக்காமல் மெட்ராஸிலேயே இருந்துவிட்டவள், தன் விதியைத் தானே மீறித் தமிழில் எழுதியிருந்தாள். காலையில் போட்ட எழுத்துக்கு இன்றைக்கு ஒருவரும் ஒரு வார்த்தைகூடப் போடவில்லையே, அண்ணனும் தங்கச்சியும் என்ன செய்கிறீர்கள் என்று கேட்டிருந்தாள்.

போனை அண்ணனிடம் காட்டினேன். மடியில் இருக்கிற பிள்ளை விழித்துவிடக்கூடாது என்று அவன் மெதுவாகச் சொன்னான்.

"பேசிக்கிட்டு இருக்கோம்னு போடு."

அப்படியே போட்டேன்.